கடற்கோட்டையின் நீர்த்தொட்டியும் காரைநகர்ப் பின்வளவும்

கனடாவின் ஸ்காபரோவில் வாழும் என் பெறாமகன் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். காரைநகரில் பூட்டிக் கிடந்த எங்கள் குடும்ப வீட்டை அவர் திருத்தி முடித்திருக்கிறார். ஆண்டுதோறும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பிள்ளைகளோடு வந்து தங்குவதாக எண்ணம். பிள்ளைகள் நீந்தப் பழக வேண்டும் என்பதற்காகப் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம் வைக்க விரும்புகிறார். நிலத்தைக் கிண்டிக் கட்டுவதன்று. கனடாவில் பல வீடுகளின் பின்வளவுகளில் இருப்பதைப் போன்று, நிலத்தின் மேல் பொருத்தி நிறுத்தும் வகை. விட்டம் 15 அடி, உயரம் 4 அடி.

"சித்தப்பா, உப்புக் காற்றுக்கு ஆகக் கனகாலம் நிற்கக்கூடியது எது? இரும்போ, பிளாஸ்ரிக்கோ? நீங்கள்தான் ஊரில் விசாரித்துச் சொல்ல வேணும்" என்றார்.

"தம்பி, நான் பேப்பர்க்காரன். என்ஜினியர் இல்லை" என்றேன். ஆயினும் செய்தியாளனுக்குரிய பழக்கம் விடவில்லை. ஒரு கேள்வி வந்தால் அதன் வேரைத் தேடிப் போவதே முப்பது ஆண்டுகளாக நான் பார்த்த வேலை. தேடிப் போன இடமெல்லாம், தடாகத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி தண்ணீரைப் பற்றிய கேள்வியாக மாறிக்கொண்டே வந்தது. அவருக்கு எழுதிய நீண்ட பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு திருத்தும் வேறு பலருக்கும் இது பயன்படலாம்.

நிலத்தின் மேல் நீரைத் தேக்கி வைப்பது காரைநகருக்குப் புதிய கலையன்று. அதில் தோற்றவர்களின் கதையும் எங்கள் ஊர்க்கரையிலேயே இருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான கடற்பாதையின் நடுவே, ஒரு சிறு திட்டின்மீது நிற்கிறது ஹமன்ஹீல் கோட்டை. ஊரவர்களுக்கு அது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் கடல்வாயிலை அது காத்து நின்றது. 1658 மார்ச் மாதத்தில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டனர். மதிலைச் சுற்றிலும் கடல். தரைப்படை நெருங்க வழியில்லை. ஆயினும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். அவர்களைப் பணிய வைத்தது குடிநீர்ப் பஞ்சம். நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்திருக்க, தாகத்தினால் வீழ்ந்தது அந்தக் கோட்டை. மூன்று மாதங்களின் பின், யூன் மாதத்தில், யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று.

வென்றவர்கள் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்துக்கொண்டார்கள். பின்னர் கோட்டையைத் திருத்தி வலுப்படுத்தியபோது, உள்ளே நன்னீரைச் சேமிப்பதற்குச் செங்கல்லால் ஒரு தொட்டியையும் அமைத்தார்கள். அந்தக் கோட்டை இன்று கடற்படையினர் நடத்தும் விடுதியாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பீரங்கி மேடைகளைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். கோட்டையை உண்மையில் காத்தது அந்தத் தொட்டிதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கோட்டைக்கு ஒரு தொட்டி என்றால், எங்கள் வீடுகளுக்கு ஒவ்வொரு கிணற்றடியிலும் ஒரு தொட்டி இருந்தது. முதலில் சுண்ணாம்புச் சாந்து; பின்னர் சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் குடாநாட்டில் சீமெந்து வேலை பெருகியது. எங்கள் கிணற்றடியில் இருந்த தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம். இன்று கணக்கிட்டுப் பார்க்கிறேன்: ஏறத்தாழ 2,000 லீற்றர் கொள்ளும். துலாவில் கட்டிய வாளி 15 லீற்றர் என்றால், நிரப்புவதற்கு 130 வாளிகளுக்கு மேல் இழுக்க வேண்டும். அதனால் அந்தத் தொட்டி நிரம்பிய நாள்கள் குறைவு. நிரம்பிய நாளில் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் அதற்குள் இறங்கிக் கும்மாளமடிப்போம். அதுவே எங்கள் நீச்சல் தடாகம். அம்மா திட்டுவார். தண்ணீர் அழுக்காகிறது என்பதற்காக அல்ல. அழுக்குத் தண்ணீர் எப்படியும் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போய்விடும். வெளியே தெறித்து வீணாகும் தண்ணீருக்காகவே திட்டினார்.

அந்தக் கிணற்றுநீர் குளிப்பதற்கும் தோய்ப்பதற்கும் மட்டும்தான். வாயில் வைத்தால் சவர். குடிப்பதற்கு நல்ல தண்ணீர்க் கிணறு தேடிக் குடத்தோடு நடக்க வேண்டும். தீவுப்பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறிக் கேணியில் நிறைகிறது. காரைநகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1991இல் ஊர் இடம்பெயர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் மீளக் குடியேறியவர்களோடு நானும் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. தொட்டி மட்டும் நின்றது. ஆனால் அதன் சுவர் நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்பில் ஓர் ஆலங்கன்று. ஆண்டுக்கணக்கில் நீரில்லாமல் வெயிலில் காய்ந்த சீமெந்துத் தொட்டி வெடிக்கத்தான் செய்யும் என்று உடன் வந்த மேசன் சொன்னார். அன்று அது எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. பெறாமகனின் கேள்வி வந்த பின்னரே அதன் பொருள் புரிந்தது. ஒரு பாத்திரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அது எதனால் ஆனது என்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அது எப்படிப் பயன்படுகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் தொட்டிக்கு உலக வரலாற்றிலும் கௌரவமான ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸ் நாட்டில் ஜோசப் லூயி லம்போ என்பவர் இரும்பு வலையின்மேல் சீமெந்துச் சாந்து பூசி ஒரு படகு செய்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதே நாட்டில் ஜோசப் மொனியே என்ற தோட்டக்காரர், பூந்தொட்டிகள் உடைந்து போவதைப் பொறுக்காமல், சீமெந்துக்குள் இரும்புக் கம்பியைப் புதைத்துத் தொட்டிகள் செய்தார். 1867இல் அதற்குக் காப்புரிமம் பெற்றார். இன்று மாடிவீடுகளையும் பாலங்களையும் தாங்கி நிற்கும் கம்பிக் கொங்கிரீட்டின் தொடக்கங்களுள் ஒன்று அந்தத் தோட்டத் தொட்டி.

பெறாமகன் கேட்ட தடாகமோ வேறு வழியில் வந்தது. 1926இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வால்டோ சீமன் என்ற வேதியியலாளர், விறைப்பான பிவிசியை வளைந்து கொடுக்கும் பொருளாக மாற்றும் முறையைக் கண்டார். நீர் புகாத, மடிக்கக்கூடிய விரிப்பு அதனால் சாத்தியமாயிற்று. நாகமுலாம் பூசிய மெல்லிய உருக்குத் தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே அந்த விரிப்பைப் போட்டால் தடாகம் தயார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வட அமெரிக்காவின் புறநகர் வீடுகளில் இது பரவியது. மண்ணைக் கிண்டத் தேவையில்லை. நிலக்கீழ்த் தடாகத்தின் செலவில் ஒரு பங்குதான். அந்த நாட்டுக்கு அது பொருத்தமான கண்டுபிடிப்பு. அங்கே அதன் எதிரி பனி. எங்கள் ஊரில் அதன் எதிரிகள் வேறு.

இப்போது பெறாமகனின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது, மேல்விளிம்பில் காற்று நிரப்பிய வளையம் உள்ளது. இரண்டாவது, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த விரிப்பைத் தொங்கவிடுவது. மூன்றாவது, உருக்குத் தகட்டுச் சுவர் உள்ளது. நான்காவது, சுவரின் உச்சிப் பட்டைகளும் தூண்களும் ரெசின் என்னும் கடினப் பிளாஸ்ரிக்கால் ஆனது.

முதல் வகையில் ஒரு துளை விழுந்தால் வளையம் தளர்ந்து நீர் வழிந்துவிடும். குழாய்ச் சட்டத்தில் மூட்டுகளே பலவீனமான இடம். பூச்சு உரசிப்போன இடத்தில் உப்புக் காற்று நுழைந்து துருப்பிடிக்கும். தகட்டுச் சுவரில் நாகமுலாம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. உப்பு மிகுந்த காற்றில் அந்த முலாம் விரைவாகத் தீர்ந்துவிடும். அதன் பின்னர் துரு உள்ளிருந்து வரும். வெளியே தெரியும் வேளையில் சுவர் ஓட்டையாகியிருக்கும். ரெசின் துருப்பிடிக்காது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதனை நாளடைவில் நொறுங்கச் செய்யும். ரெசின் என்று விற்பனையாகும் தடாகங்களிலும் சுவர்த் தகடு பெரும்பாலும் உருக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நிலம். 15 அடித் தடாகம் ஏறத்தாழ 18,000 லீற்றர் கொள்ளும். அதாவது 18 தொன் பாரம். நிலம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் நீரின் எடை அந்தப் பக்கத்துச் சுவரைத் தள்ளும். தாழ்ந்த பக்கத்தை மண் போட்டு உயர்த்தக்கூடாது. உயர்ந்த பக்கத்தைச் செதுக்கியே மட்டப்படுத்த வேண்டும். எங்கள் வளவுகளில் மண்ணுக்குள் முருகைக்கல் துண்டு இருக்கும், கோரைப்புல் இருக்கும். கோரையின் கூரிய முளை பிவிசி விரிப்பைத் துளைத்து மேலே வந்துவிடும். பனங்கொட்டை விழுந்து முளைக்கும் வளவானால் சொல்லவே வேண்டாம். கிழங்கோடு பிடுங்கி, சல்லடை போட்ட மணல் பரப்பி, அதன்மேல் தடித்த துணிவிரிப்பைப் போட்ட பின்னரே தடாகத்தை நிறுத்தலாம்.

இவ்வளவும் பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது. காரைநகரில் ஆண்டு முழுவதும் வெளியில் நிற்கும் எந்தத் தகட்டுத் தடாகமும் நீண்ட காலம் நிற்காது. ஆறு வாரம் பயன்பட்ட பின்னர் கழற்றி, நன்னீரில் கழுவி, காயவைத்து, நிழலில் சுருட்டி வைக்கக்கூடியதே அதிக காலம் நீடிக்கும். எங்கள் கடற்கரையில் வள்ளம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். தொழில் இல்லாத பருவத்தில் வள்ளம் கரையேறிக் கிடுகின் கீழ் இருக்கும். ஆகவே விலை கூடிய உருக்குச் சுவரைவிட, கழற்றக்கூடிய சட்டத்தோடு வரும் தடித்த விரிப்புத் தடாகமே எங்கள் ஊருக்குப் பொருந்தும்.

ஆனால் அந்த 18,000 லீற்றர் எங்கிருந்து வரும்? பெறாமகன் இதைக் கேட்கவே இல்லை. கிணறு இருக்கிறது, மோட்டர் இருக்கிறது, குழாயைத் திறந்தால் நிரம்பும் என்பது அவருடைய எண்ணம். ஸ்காபரோவில் அது சரி.

காரைநகரின் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர். அது கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையைப் போல மிதக்கிறது. நெதர்லாந்தின் படைப் பொறியியலாளர் படோன் கைபென் 1880களின் இறுதியில் அம்ஸ்ரர்டாம் பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து இதன் கணக்கை எழுதினார். ஜேர்மனியின் நோர்டனை என்ற தீவின் கிணறுகளைப் பார்த்த ஹேர்ஸ்பேர்க் 1901இல் அதே முடிவுக்கு வந்தார். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது அந்தக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். நன்னீரின் மட்டம் 1 சென்ரிமீற்றர் நிலையாக இறங்கினால், உப்புநீர் கீழிருந்து 40 சென்ரிமீற்றர் வரை மேலேறும். துலாவால் அந்த அளவுக்கு இறைக்க மனிதக் கைகளுக்கு வலிமை போதாது. கிணறு இராப்பொழுதில் ஊறித் தன்னை நிரப்பிக்கொண்டது. மின் மோட்டர் களைப்பதில்லை. சோளகக் காற்று வீசும் வரண்ட யூலையில், ஒரே நாளில் 18,000 லீற்றரை உறிஞ்சினால் கிணறு சவராகும். எங்கள் கிணறு மட்டுமன்று. பக்கத்து வளவுக் கிணறும் சவராகலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டு முழுவதும் அங்கே வாழ்கிறவர்.

பவுசரில் வாங்கலாமே என்று கேட்கலாம். குடிப்பதற்குப் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்துக் கான்களை வரிசையில் வைக்கும் ஊரில், தடாகத்துக்காக ஒரு பவுசர் வாசலில் வந்து நின்றால் ஒழுங்கையில் நிற்பவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒருவருக்கு அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால், 18,000 லீற்றர் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று மாதத் தண்ணீர். தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கோடி 40 லட்சம் லீற்றர் தரக்கூடியது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அது கடன்பட்டுக் கட்டி, மின்சாரம் செலவழித்து உப்பகற்றும் தண்ணீர். குடாநாட்டின் தாகத்துக்காக வந்தது.

மிஞ்சுவது வானம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. 100 சதுர மீற்றர்க் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். ஐந்திலொரு பங்கு வீணானாலும், 125 மில்லிமீற்றர் மழையில் 10,000 லீற்றர் சேரும்.

சேர்வது மார்கழியில், தேவைப்படுவது ஆடியில். சிக்கல் அங்கேதான். தடாகத்தையே மழையில் நிரப்பி வைத்தால் என்ன என்று பெறாமகன் கேட்டார். திறந்த நீரிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தை தொடக்கம் ஆனி முடிய 180 நாளில் 90 சென்ரிமீற்றர் போய்விடும். 110 சென்ரிமீற்றர் ஆழத் தடாகத்தில் மிஞ்சுவது முழங்காலுக்கும் கீழே. அதுவும் பாசியும் நுளம்புக் குடம்பியும் நிறைந்த நீர். டெங்குக்கு வேறு அழைப்பிதழ் தேவையில்லை.

ஆகவே, முதலில் வாங்க வேண்டியது நீச்சல் தடாகமன்று. மூடியுள்ள மழைநீர்த் தாங்கி. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் திட்டத்தின் கீழ் 5,000 லீற்றர் தாங்கிகள் வீடுகளுக்குக் கட்டப்பட்டன. கம்பி வலையின்மேல் மெல்லிய சீமெந்துச் சாந்து பூசிச் செய்தவையும் அவற்றில் இருந்தன. லம்போவின் படகு செய்த அதே முறை. வெறுங்காலில் மேசன் வேலை தெரிந்த எவரும் பழகிச் செய்யக்கூடியது. ஒரு நிபந்தனை: கடல்மணல் கலக்கக்கூடாது, கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துச் சாந்தைப் பிளக்கும். முதல் மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போக விட்டு, அதன் பின்னரே பீலியைத் தாங்கிக்குத் திருப்ப வேண்டும்.

அப்படி இரண்டு தாங்கிகள் 10,000 லீற்றர் தரும். அது 15 அடித் தடாகத்துக்குப் போதாது. 12 அடி விட்டத்தில் 2 அடி ஆழத்துக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 6,400 லீற்றர். ஆவியாகும் நீரை ஈடுசெய்யவும் மிச்சம் இருக்கும். சிறு பிள்ளைகள் மூச்சை அடக்கவும் மிதக்கவும் காலடிக்கவும் பழக அந்த ஆழம் போதும். நீந்துவதற்குக் கசூரினா கடற்கரை இருக்கிறது. பாக்கு நீரிணையை 1954இல் நவரத்தினசாமியும், 1971இல் போய்த் திரும்பி ஆழிக்குமரன் ஆனந்தனும் நீந்திக் கடந்தது இந்தக் கடலில்தான். ஆனால் 2 அடி நீரும் ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாத நேரத்தில் ஏணியை எடுத்துவிட வேண்டும். சுற்றி வேலி வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஓகஸ்ட் முடிவில் புறப்படும்போது, குளோரின் போடுவதை நிறுத்தி நாலைந்து நாள் வெயிலில் விட்டால் அதன் வீரியம் போய்விடும். பிறகு அந்த நீர் தென்னைக்குப் போகலாம். கிணற்றோரத்தில் மட்டும் விடக்கூடாது. உப்பைப் பயன்படுத்திக் குளோரின் உண்டாக்கும் கருவி எங்கள் ஊருக்கு வேண்டாம். இருக்கும் உப்பு போதும்.

பெறாமகனுக்கு முதலில் ஏமாற்றம்தான். "சித்தப்பா, நான் பூல் கேட்டேன், நீங்கள் தண்ணித் தாங்கி கட்டச் சொல்லுறீங்கள்" என்றார். இரண்டு வாரம் பேச்சில்லை. பின்னர், கூரைப் பீலிக்கு அளவு எடுக்க ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டுச் செய்தி வந்தது. மேசனோடு நானும் போய் இடம் பார்த்தேன். வெடித்துக் கிடந்த பழைய தொட்டி நின்ற இடத்தில் முதல் தாங்கிக்கு அடித்தளம் போட்டிருக்கிறோம். மாரிக்கு முன்னர் இரண்டும் கட்டி முடிய வேண்டும். ஆண்டில் பத்தரை மாதம் அந்த வீடு பூட்டியிருக்கும். மிஞ்சும் மழைநீரைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று வேலியோரமாக ஒரு குழாய் வைக்கச் சொல்லியிருக்கிறார் பெறாமகன். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.